திருவிழாக் கணக்கும் கிராம சபையும்: ஊர் இளைஞர்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள்?

ஊரக மேம்பாடு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தமிழ்நாட்டுக் கிராமங்களில் படித்த பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். இவர்களுடைய கனவு என்ன? இவர்களை ஊரிலேயே தங்கவைத்துக் கிராம வளர்ச்சியில் ஈடுபடுத்த என்ன வழி?"

கேள்வியில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது: "தங்கவைத்து."

கிராம வளர்ச்சி பற்றிய கூட்டங்களில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று மேடையில் உருகுகிறவர்களின் பிள்ளைகளில் ஒருவரைக்கூடக் கிராமத்தில் பார்த்ததில்லை. என் பிள்ளைகளும் அங்கே இல்லை. நமக்குத் திறந்த கதவு வழியாக நாம் வெளியே வந்துவிட்டு, பின்னால் வருகிறவனிடம் "நீ இருந்து ஊரைப் பார்த்துக்கொள்" என்பது எந்த ஊர் நியாயம்? ஆகவே தடுப்பது எப்படி என்ற கேள்வியை விட்டுவிடுவோம். எதைத் தேடிப் போகிறார்கள், போனாலும் இருந்தாலும் ஊர் விஷயத்தில் அவர்கள் பேச்சு எடுபடுகிறதா என்று பார்ப்போம்.

ஊராட்சிப் பயிற்சிகளுக்கு வரும் பையன்களிடமும் பெண்களிடமும் "உன் லட்சியம் என்ன?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் கலெக்டர், டாக்டர் என்று பள்ளி ஆண்டு விழாப் பதில்தான் வரும். "ஐந்து வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருப்பாய்?" என்று கேட்பேன். அப்போது பேச்சின் தொனியே மாறிவிடும். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. ஒன்றாம் தேதி வங்கிக் கணக்கில் சம்பளம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டாத நிலை. "டேய்" என்று கூப்பிடாத முதலாளி. பெரும்பாலும் இவ்வளவுதான். பேராசை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

மரியாதை என்பது வெறும் பேச்சல்ல, அதற்கு விலை உண்டு. அந்த விலை கல்யாணச் சந்தையில் தெரியவரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன் வேளாண்மை படித்தவன். நாலு ஏக்கர், சொட்டுநீர்ப் பாசனம். நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் அவன் வகுப்புத் தோழர்களைவிட வருமானம் குறைவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். "சொந்தமாக விவசாயம்" என்றார் அப்பா. பெண்வீட்டுப் பெரியவர் தட்டிலிருந்த முறுக்கை மெதுவாக ஒடித்துக்கொண்டே, "அது சரி, வேலை என்ன செய்கிறார்?" என்று மறுபடியும் கேட்டார். அந்தப் பெரியவரும் விவசாயிதான். பையன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சரக்கறைக் கண்காணிப்பாளராக இருக்கிறான். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. கல்யாணமும் ஆகிவிட்டது.

விவசாயத்தை இளைஞர்கள் வெறுக்கிறார்கள் என்று சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு மகன்கள் இருந்தால் ஆளுக்கு ஓர் ஏக்கர்கூட வராது. 2003-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயிகளிடம் கேட்டபோது, வேறு தொழில் கிடைத்தால் போய்விடுவோம் என்று 40 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் அப்பாக்கள். பிள்ளைகள் அந்த அப்பாக்களின் கடன் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதே பிள்ளைகள் அறுவடை இயந்திரம் ஓட்டவும், மருந்து தெளிக்கும் டிரோன் இயக்கவும் போட்டி போடுகிறார்கள். மண்வெட்டியையும் கடனையும்தான் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள், மண்ணை அல்ல.

இன்னொரு பக்கம் அரசு வேலை. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வில் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டதாரிகள் பெருகியதில் வியப்பில்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரியோ 28.4. குடும்பத்தில் முதல் பட்டதாரியை ஊருக்கு ஊர் உண்டாக்கிவிட்டோம். அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலை மட்டும் ஊர்ப்பக்கம் வரவில்லை. இந்தத் தேர்வு வழியாகக் கிடைக்கும் கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு இவ்வளவு மோகம் ஏன் என்று கேட்கிறார்கள். சொந்த மாவட்டத்திலேயே இருந்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஊரே "சார்" என்று கூப்பிடும் வேலை வேறு எது இருக்கிறது? நான் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைக் காலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரைவிட்டுப் போவதே நோக்கம் என்றால் அந்த வேலைக்கு இத்தனை கூட்டம் சேராது.

பெண்களின் கதை வேறு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், கொரோனாவில் பள்ளியை இழந்த குழந்தைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர, ஊரிலேயே இருக்கும் படித்தவர்களை அழைத்தது. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு யார் வருவார்கள் என்று நானே ஏளனமாகப் பேசியிருக்கிறேன். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பி.எஸ்சி., பி.எட்., எம்.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணமாகி, சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டிவைத்திருந்தவர்கள். ஊரின் மிகப் பெரிய படித்த கூட்டம் ஊரைவிட்டுப் போகவே இல்லை, நாம்தான் பார்க்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊரில் என்னை எல்லாரும் இன்னார் மருமகள் என்றுதான் சொன்னார்கள். இப்போது டீச்சர் என்கிறார்கள்." அவர் பேச்சில் ஆயிரம் ரூபாய் வரவே இல்லை.

இந்தப் பெண்களின் லட்சியத்தை ஊர்ப்பக்கம் முடிவு செய்வது பல நேரம் கடைசி பஸ்ஸின் நேரம்தான். ஐந்து மணிக்கு வேலை முடிந்து, ஆறரைக்கு ஊருக்குள் வரும் பஸ் இருந்தால் வேலைக்குப் போகலாம். எட்டரைக்குத்தான் பஸ் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். 1997-இல் மினி பஸ் வந்ததும், 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் போக்குவரத்துத் துறையின் செய்திகளாகவே பேசப்பட்டன. என்னைக் கேட்டால் இரண்டும் இளைஞர் நலத் திட்டங்கள். ஊரில் தூங்கி வெளியே சம்பாதிப்பது என்ற மூன்றாவது வழியை அவைதான் திறந்தன. போவதா இருப்பதா என்று இரண்டே வழியாகப் பேசுகிறவர்கள் இந்த மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-இல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் வந்ததைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கிராமத்தை விரும்பும் முதலாளி ஊருக்கு ஒருவர் கிடைக்கமாட்டார். பஸ் எல்லா ஊருக்கும் விடலாம்.

சாதியைத் தொடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதிப் பொய். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்ற பொருளில் பேசினார். காலனித் தெருப் பையன் ஒருவனுக்குத் திருப்பூரின் பெரிய கவர்ச்சி சம்பளம் அல்ல, டீக்கடையில் யாரும் அவன் தெருவைக் கேட்கமாட்டார்கள் என்பதுதான். ஊருக்கு வந்து பதவி ஏற்றால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மற்ற ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு முறையான தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒருவனிடம் போய் "மண்ணின் மீது பற்று இல்லையா?" என்று கேட்க எனக்கு வாய் வராது.

இனி, இருக்கிறவர்களும் அடிக்கடி வந்துபோகிறவர்களும் ஊருக்கு என்ன செய்ய முடியும் என்ற பகுதிக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்தது முக்கியமாக இதைத்தான்.

ஏதாவது ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் போய்ப் பாருங்கள். கோயில் சுவரில் ஒரு தட்டி தொங்கும். குடும்பவரி எத்தனை வீடு, வெளியூரிலிருந்து வந்த நன்கொடை, பந்தல், ஒலிபெருக்கி, மேளம், அன்னதான அரிசி எத்தனை மூட்டை, காய்கறி, வாணவேடிக்கை, போலீஸ் அனுமதிக்கு அலைந்த பெட்ரோல் செலவு உட்பட எல்லாம் இருக்கும். அடியில் "மீதி ரூ.1,340 அடுத்த ஆண்டுக் கணக்கில்" என்று ஒரு வரி. எழுதியவர்கள் இருபதிலிருந்து முப்பது வயதுப் பையன்கள். சில லட்சம் ரூபாயை மூன்று வாரத்தில் வசூலித்து, ரசீது போட்டு, செலவு செய்து, ஊர் முன்னால் கணக்கு ஒப்படைத்துவிடுகிறார்கள். கணக்கில் இருநூறு ரூபாய் உதைத்தால் அன்றைக்கே சண்டை.

அதே பையன்கள் கிராம சபை நாளில் எங்கே நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆலமரத்துக்கு அந்தப் பக்கம், பைக்கின் மேல் சாய்ந்துகொண்டு. பந்தலுக்குள் நூறு நாள் வேலைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், வரச்சொல்லி அழைத்துவந்திருப்பார்கள். ஒருவர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசிப்பார். கையெழுத்து வாங்கும் நோட்டு ஒரு சுற்று வரும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் பெரியவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் பணம் அவர்கள் கையில், முடிவு அவர்கள் கையில், கெட்ட பெயரும் அவர்களுக்கே. மற்றொன்றில் கைதட்டும் வேலை மட்டும்தான். ஊராட்சிக்கு இளைஞர் தேவைப்படுவது மரம் நடவும், குப்பை பொறுக்கவும், பேரணியில் பதாகை பிடிக்கவும்தான். புகைப்படம் எடுத்ததும் டீயும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

(திருவிழாக் கமிட்டியை நான் புனிதப்படுத்தவில்லை. அந்த நோட்டில் பெண் பெயர் இருக்காது. சில ஊர்களில் யார் வீட்டு வரி வாங்கப்படுவதில்லை என்று பார்த்தாலே ஊரின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கிராம சபை அதனால்தான் மேலானது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரையும் அங்கே வெளியே நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை.)

சட்டம் இளைஞர்களுக்குக் கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 18 வயதில் கிராம சபை உறுப்பினர் என்ற இடத்தையும், 21 வயதில் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் உரிமையையும் தருகின்றன. சட்டமன்றத்துக்கு 25 வயதாக வேண்டும். 2016-இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 சதவீதமானது. 2019 டிசம்பர் தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவரானார். 2021-இல் தென்காசி மாவட்டத்தில் இன்னோர் இளம் பொறியியல் பட்டதாரிப் பெண். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச்சும் நவம்பரும் 2022-இல் சேர்ந்தவை. பெரும்பாலும் விடுமுறை நாட்கள் என்பதால் வெளியூரில் வேலை செய்கிறவனும் வந்துபோக முடியும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் கேள்வி கேட்க முடியும். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது மத்திய நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. அந்தப் பணத்தில் விளையாட்டுத் திடல் கேட்டால் கிடைக்காது. மீதி 40 சதவீதத்திலும், வீட்டுவரி போன்ற சொந்த வருவாயிலும் கேட்கலாம். ஊராட்சியின் வரவு செலவை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு பயிற்சியில் இதைத் திறந்து காட்டினேன். "எங்கள் தெருவில் போடாத சாக்கடைக்கு இதில் பில் இருக்கிறது" என்று ஒரு பையன் எழுந்துவிட்டான். விசாரித்ததில் சாக்கடை அடுத்த தெருவில் இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் ஆலமரத்தடியில் நிற்பதில்லை, பந்தலுக்குள் வந்து உட்காருகிறான்.

சட்டம் கொடுத்ததை நிர்வாகம் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை இழுத்தது. அந்தத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தலே நடக்காத ஆண்டுகளில் 21 வயதானவனுக்குப் போய் உள்ளாட்சி ஜனநாயகத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

வெளியே போனவர்கள் ஊருக்கு இழப்பு என்ற கணக்கும் முழுதாகச் சரியில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சையின் கடைமடையில் தென்னையை அடியோடு சாய்த்தது. துபாயில் மென்பொருள் வேலையிலிருந்த நிமல் ராகவன் ஊருக்குத் திரும்பி, அந்தப் பகுதி இளைஞர்களோடு சேர்ந்து நிவாரணத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு அவர்கள் 564 ஏக்கர் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்களின் பணமும் அதில் இருந்தது. இதற்கு வெகு முன்பே, வேதிப்பொறியியல் படித்து அறிவியலாளர் வேலையை விட்டுவிட்டு வந்த இளங்கோ ரங்கசாமி, 1996-இல் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தின் தலைவராகி, சாதி கலந்து குடியிருக்கும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார். இருவரும் வெளியே போய்ப் படித்ததையும் பார்த்ததையும் கையோடு கொண்டுவந்தவர்கள். போகாமலே இருந்திருந்தால் இவை நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஏரி தூர்வாரக் கிளம்பும் இளைஞர் குழுக்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளது பொதுவாக நீர்வளத் துறையின் கையில், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். அனுமதி வாங்காமல் பொக்லைனை இறக்கினால் மண் கடத்தல் வழக்கு உங்கள் மேல் பாயும். அனுமதியோடு தூர்வாரினாலும், கிராம சபைத் தீர்மானம் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு கருவேலம் மறுபடி முளைத்து நிற்கும். ஆர்வத்தில் குளம் வெட்டிவிடலாம், பராமரிப்புக்குத் தீர்மானப் புத்தகம் வேண்டும்.

நீங்கள் ஆய்வுக்காகக் கேட்டிருந்தால், இளைஞர்களின் கனவு என்ன என்று நூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்காதீர்கள். ஒரே ஊரில் ஒரு திருவிழாவையும் இரண்டு கிராம சபைகளையும் கூடவே இருந்து பாருங்கள். யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் சாவி என்று சொல்வது உருவகம் அல்ல.

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டியே கிடக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர், வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் தாங்காமல், அந்தக் கட்டடத்தைத் திறந்துவிடச் சொல்லி ஊராட்சி அலுவலகத்துக்கு ஆறு மாதம் நடந்தார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்றே பதில் வந்தது. பிறகு ஓர் அக்டோபர் 2 அன்று, எழுதிக் கொண்டுவந்த மனுவைக் கிராம சபையில் ஒரு பெண் எழுந்து வாசித்தாள்: காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், சாவி படிப்பவர்களிடம் இருக்கும், உடைந்தால் பொறுப்பு அவர்களுடையது. ஒருவரும் மறுக்கவில்லை, தீர்மானமாக ஏறியது.

அவர்களில் மூன்று பேர் வேலை கிடைத்து வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் மாதாமாதம் நடப்புச் செய்தி இதழ்களைக் கட்டாக பஸ்ஸில் போட்டுவிடுகிறான். சாவி இதுவரை நாலு கை மாறியிருக்கிறது. கடைசியாக நான் போனபோது பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இருந்தது. மின்விசிறி ஒன்று ஓடவில்லை என்று வரும் கிராம சபைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள்.